வாளையாறு தாண்டிப் படிக்கப் போகிறவர்களுக்கு: பாலக்காட்டுக் கல்லூரிகளில் முதல் வருடம்

கோவை, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும், கேரளத்துக்குள்ளேயே இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் மாதிரியான தமிழ் ஊர்களிலிருந்தும் வருடா வருடம் பிள்ளைகள் பாலக்காட்டுக் கல்லூரிகளில் சேர்கிறார்கள். என்ன சான்றிதழ் வேண்டும், எந்தத் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும் என்று சொல்ல ஆள் உண்டு. உள்ளே போன பிறகு அங்கே எதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள், எந்த நாளில் எல்லாரும் வேட்டி கட்டி வருகிறார்கள், காலையில் நன்றாக நடந்த வகுப்பு பதினொரு மணிக்கு ஏன் நின்றுபோகிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பேச்சு பெரும்பாலும் இரண்டு கல்லூரிகளைப் பற்றியே இருக்கும்: பாலக்காடு நகரில் உள்ள அரசு விக்டோரியா கல்லூரி, சித்தூர் அரசுக் கல்லூரி.

கல்லூரிக் கதை தெரிந்த பிள்ளை அங்கே சீக்கிரம் ஒட்டிக்கொள்வான் என்பது என் கட்சி. அதிலும் விக்டோரியாவின் கதையில் பாதி நம் பக்கத்துக் கதை.

முதலில் ஊரைச் சரியாகப் பிடியுங்கள்

சித்தூர் என்று இரண்டு ஊர் இருக்கிறது. ஒன்று ஆந்திரத்தில், வேலூருக்கு வடக்கே, மாவட்டத் தலைநகர். இன்னொன்று பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சி. இரண்டுமே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியவை, இரண்டிலும் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. அதனால் இணையத்தில் தேடும்போதும், பார்சல் அனுப்பச் சொல்லும்போதும் பின்கோடும் பாலக்காடு மாவட்டம் என்ற பெயரும் இல்லாமல் எழுதாதீர்கள்.

பாலக்காட்டில் ரயில் நிலையமும் இரண்டு. கோவையிலிருந்து வரும் வண்டிகள் ஒலவக்கோட்டில் உள்ள பாலக்காடு ஜங்ஷனில் நிற்கும். பொள்ளாச்சிப் பாதையில் வருகிறவர்களுக்கு ஊருக்குள் இருக்கும் டவுன் ஸ்டேஷன் வசதி. ஒலவக்கோட்டிலிருந்து ஊருக்குள் போகும் பஸ்ஸில் 'விக்டோரியா காலேஜ்' என்று கேட்டால் போதும். பஸ்ஸில் வருவதென்றால் கோவையில் உக்கடம் போய் ஏறுங்கள். எல்லையில் இருக்கும் வாளையாறு, அப்புறம் கஞ்சிக்கோடு வழி.

ரயிலில் தினமும் போய்வருகிறவர்கள் கல்லூரியில் சான்றிதழ் வாங்கி மாணவர் சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள். வாளையாற்றுக் காட்டுக்குள் யானை நடமாட்டம் இருப்பதால் ரயில்கள் மெதுவாகப் போகும் இடங்கள் உண்டு. வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்து சேர்கிற வண்டியை நம்பாதீர்கள், அதற்கு முந்தின வண்டிதான் உங்கள் வண்டி. தனியார் பஸ்களில் மாணவர் சலுகை உண்டு. 'எஸ்டி' (ஸ்டூடண்ட் என்பதன் சுருக்கம்) என்று சொல்லிக் கார்டைக் காட்ட வேண்டும். கண்டக்டர் முகம் சுளிப்பார். அது அங்கே வழக்கம்தான், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பஸ் போர்டு எல்லாம் மலையாளத்தில் இருக்கும். சேர்வதற்கு முன் கிடைக்கும் விடுமுறையில் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பேச்சு தானாக வந்துவிடும், எழுத்து அப்படி வராது. கல்லூரி நோட்டீஸ் போர்டும் பாதி மலையாளம்தான்.

1866-லிருந்து தொடங்குங்கள்

விக்டோரியாவில் புதிதாக வருகிறவர்களிடம் சீனியர்கள் கேட்கும் முதல் கேள்வி கல்லூரிக்கு எத்தனை வயது என்பதாகத்தான் இருக்கும். இது 1866-இல் 'ரேட் ஸ்கூல்' என்ற பெயரில் பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. ரேட் என்றால் உள்ளூர் வரி. பள்ளி நடத்துவதற்காக ஊர்க்காரர்களிடம் வரி வசூலிக்கலாம் என்று மெட்ராஸ் மாகாணத்தில் 1863-இல் ஒரு சட்டம் வந்தது. அந்த ஏற்பாட்டில் முளைத்த பள்ளிகளுக்கு அப்படிப் பெயர். விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து ஐம்பது ஆண்டு ஆனதை 1887-இல் கொண்டாடினார்கள். அதை ஒட்டி 1888-இல் பள்ளி கல்லூரியாக உயர்ந்து விக்டோரியா கல்லூரி ஆனது. ஆக, ராணியின் பெயர் பின்னால் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு முதலில் வழி செய்தது ஊர்க்காரர்கள் கொடுத்த வரிதான்.

பாலக்காடு நகராட்சிக்கும் பிறந்த வருடம் 1866. திருவனந்தபுரத்தில் மகாராஜா கல்லூரி தொடங்கியதும் அதே வருடம். அதுதான் இன்றைய யுனிவர்சிட்டி கல்லூரி. நாகர்கோவில், களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே போவார்கள் என்பதால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். 'நீராருங் கடலுடுத்த' பாடலை நாம் பள்ளியில் தினமும் பாடியிருக்கிறோம். அதை எழுதிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர், அந்த மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தின் முகப்பில் இருக்கும் வாழ்த்துதான் பின்னாளில் தமிழ்த்தாய் வாழ்த்து ஆனது. திருவனந்தபுரம் போகிற பிள்ளைகள் இதை முதல் நாளே சொல்லலாம், அங்கேயே பலருக்குத் தெரியாது.

பாலக்காட்டுக்கு வருவோம். கேரள மாநிலம் 1956 நவம்பர் 1-இல் பிறந்தது. அதுவரை பாலக்காடு மலபார் மாவட்டத்தின் பகுதி, மலபார் மெட்ராஸின் பகுதி. அதனால் விக்டோரியா நெடுங்காலம் மெட்ராஸ் பல்கலைக்கழகக் கல்லூரியாக இருந்தது. அப்புறம் கேரளப் பல்கலைக்கழகம், 1968-இல் காலிகட் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதற்குக் கீழ். மூன்று பல்கலைக்கழகம் பார்த்த கல்லூரி. கோவைக்காரர் ஒருவரின் தாத்தா அங்கே படித்திருந்தால் அவர் 'வெளி மாநிலத்தில்' படிக்கவில்லை, சொந்த மாகாணத்திலேயே படித்தார். 'நீ தமிழ்நாடு, இங்கே எதற்கு வந்தாய்' என்று யாராவது கிண்டல் செய்தால் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம்.

இதிலேயே ஒரு நடைமுறை விஷயமும் இருக்கிறது. காலிகட் பல்கலைக்கழகம் கோழிக்கோடு நகரத்தில் இல்லை. மலப்புறம் மாவட்டத்துத் தேஞ்ஞிப்பாலத்தில் இருக்கிறது. மதிப்பெண் பட்டியல் திருத்தம், சான்றிதழ் என்று நேரில் போக வேண்டி வந்தால் ரயிலில் கோழிக்கோடு வரை போகாதீர்கள். பரப்பனங்காடியில் இறங்கிப் பஸ் பிடிப்பது பக்கம்.

பழைய மாணவர் பட்டியலைச் சலித்துப் பாருங்கள்

எல்லாக் கல்லூரியிலும் ஒரு பெயர்ப் பட்டியல் சொல்வார்கள். கேட்கிறவர் வாய் பிளக்க வேண்டும் என்பதற்காகப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதை அப்படியே விழுங்காமல், என்ன படித்தார், எப்போது படித்தார் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பழைய நாட்களில் பள்ளி முடித்ததும் இரண்டு வருடம் இண்டர்மீடியட், அதன் பிறகுதான் பட்டப்படிப்பு. பலர் இண்டர்மீடியட்டை ஓர் ஊரிலும் பட்டத்தை வேறு ஊரிலும் முடித்தார்கள். அதனால் ஒரே மனிதரை இரண்டு மூன்று கல்லூரிகள் சொந்தம் கொண்டாடும். அதில் தவறில்லை, விவரம் தெரிந்து சொன்னால் நல்லது.

விக்டோரியாவுக்குச் சலித்த பிறகும் நிற்கிற பெயர்கள் நிறைய. தேர்தல் என்றால் என்னவென்று இந்தியக் கட்சிகளுக்கெல்லாம் காட்டிக்கொடுத்த டி.என். சேஷன் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையர். டெல்லி மெட்ரோவைக் கட்டிய இ. ஸ்ரீதரன் பட்டாம்பிப் பக்கத்துக்காரர். இருவரும் 1932-இல் பிறந்தவர்கள். பாலக்காட்டு பாசல் மிஷன் பள்ளியில் வகுப்புத் தோழர்கள், விக்டோரியாவிலும் தோழர்கள். இருவருக்குமே ஆந்திரத்துக் காக்கிநாடா பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஸ்ரீதரன் அங்கே போனார், சேஷன் இயற்பியல் படிக்க மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போய்விட்டார். ஒரே வகுப்பில் உட்கார்ந்த இரண்டு பையன்களில் ஒருவர் தேர்தலையும் இன்னொருவர் ரயிலையும் நேரத்துக்கு நடத்திக் காட்டினார்கள் என்று கல்லூரிக்காரர்கள் சொல்லிக்கொண்டால் அதை மிகை என்று சொல்ல மாட்டேன்.

ஸ்ரீதரனைப் பற்றித் தமிழ்ப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டியது பாம்பன். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தது. சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் குறித்தது, அவருடைய மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார், ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். ராமேஸ்வரம் போகிறவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டிய பெயர் பாலக்காட்டில் படித்த பெயர்.

எழுத்துப் பக்கம் வந்தால் எம்.டி. வாசுதேவன் நாயர். மலையாளத்தின் பெரிய எழுத்தாளர் இங்கே படித்தது இலக்கியம் இல்லை, வேதியியல். 1953-இல் பட்டம் வாங்கினார். 1995-க்கான ஞானபீடம் அவருக்குக் கிடைத்தது. வேதியியல் துறைப் பிள்ளைகள் இதைச் சொல்லி மலையாளத் துறைக்காரர்களைச் சீண்டுவதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது. ஓ.வி. விஜயனும் விக்டோரியா மாணவர்தான், முதுகலைக்கு மெட்ராஸ் மாநிலக் கல்லூரிக்குப் போனார். நாவலாசிரியர், கார்ட்டூனிஸ்ட். அவருடைய நினைவிடம் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் தஸ்ராக் என்ற சிற்றூரில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பனைமரங்களுக்கு நடுவில் போய் வந்தால், வகுப்பில் அவர் பெயர் வரும்போது உங்களுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

சித்தூர்: கொங்கனைத் தோற்கடித்த ஊரில் கொங்குப் பிள்ளைகள்

சித்தூர் கல்லூரி 1947-இல் தொடங்கியது, சோகநாசினி ஆற்றங்கரையில். சித்தூரும் பாலக்காடும் இன்று ஒரே மாவட்டம். 1947-இல் நிலைமை வேறு. பாலக்காடு மெட்ராஸ் மாகாணம், சித்தூர் கொச்சி மகாராஜாவின் சீமை. இங்கிருந்து அங்கே போவதென்றால் அரசாங்கம் மாறும். இந்தச் சின்ன விவரம் தெரிந்தால், இரண்டு கல்லூரிக்காரர்களும் ஒருவரை ஒருவர் ஏன் கொஞ்சம் தள்ளியே வைத்துப் பேசுகிறார்கள் என்பதும் ஓரளவு புரியும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சித்தூரின் பெரிய பலம் அங்கே தமிழுக்கென்றே ஒரு துறை இருப்பது. இசைத் துறையும் உண்டு. வேறு கல்லூரியில் சேர்வதானால், இரண்டாம் மொழியாகத் தமிழ் கிடைக்குமா என்று விருப்பப் பட்டியல் கொடுப்பதற்கு முன்பே நேரில் கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் இந்திக்கும் மலையாளத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் சித்தூர் தெக்கே கிராமத்தில் இருக்கிறது. ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர் வைத்தவரும் அவர்தான் என்பார்கள். மலையாளத்தின் தந்தை என்று அவர்கள் கொண்டாடுகிறவர் கடைசியில் வந்து தங்கியது தமிழ் எல்லையில். உள்ளூர் நண்பர் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் மறுக்காதீர்கள்.

அப்புறம் கொங்கன்படை. மாசியில், அவர்கள் கணக்கில் கும்ப மாதத்தில், சிவராத்திரி கழிந்து சித்தூர் பகவதி கோயிலில் நடக்கும் திருவிழா. கொங்கு நாட்டு அரசன் படையோடு வந்தான், பகவதி துணை நின்று ஊர் அவனை ஜெயித்தது என்பது கதை. அந்தப் போரையே விழாவாக நடத்துகிறார்கள். பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பிள்ளைகள் அன்று ஊருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். ஒன்றும் ஆகாது. 'உங்க ராஜா வந்தாச்சா' என்று கேட்பார்கள், சாப்பிடக் கூப்பிடுவார்கள். தோற்ற பக்கத்துப் பிரதிநிதியாகப் போய் நிற்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது. அந்த வாரம் லீவு போட்டு வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள்.

யாரை எப்படிக் கூப்பிடுவது

சீனியர் பையன் 'சேட்டன்', சீனியர் பெண் 'சேச்சி'. ஆண் ஆசிரியரை 'சார்', பழைய ஆட்கள் 'மாஷ்' என்றும் சொல்வார்கள். பெண் ஆசிரியரை 'டீச்சர்' அல்லது 'மிஸ்'. நம் ஊர் வழக்கத்தில் 'மேடம்' என்று கூப்பிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள், நீங்கள் புதிது என்பது மட்டும் தெரிந்துவிடும். பாடம் ஆங்கிலத்தில் ஆரம்பித்து விளக்கம் மலையாளத்துக்குப் போகும். புரியவில்லை என்றால் உடனே சொல்லுங்கள். அந்தப் பக்கத்து ஆசிரியர்களில் தமிழ் புரியாதவர்கள் குறைவு.

சீனியர் பாட்டுப் பாடச் சொன்னால் அது ஒரு ரகம். பணம் கேட்டாலோ, கை வைத்தாலோ, ராத்திரி அறைக்கு வரச் சொன்னாலோ அது வேறு ரகம். கேரளத்தில் ராகிங்குக்கு 1998-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நாடு முழுவதற்குமான உதவி எண் 1800-180-5522. 'இது இங்கே பாரம்பரியம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தேர்தல், சமரம்

நம் பக்கத்துக் கல்லூரியிலிருந்து போகிறவர்களுக்கு அதிகமாக ஆச்சரியம் தருவது இதுதான். மாணவர் தேர்தல் அங்கே உண்மையான தேர்தல். எஸ்.எஃப்.ஐ., கே.எஸ்.யு., ஏ.பி.வி.பி., எம்.எஸ்.எஃப். என்று அரசியல் சார்புள்ள மாணவர் அமைப்புகளின் கொடிகள் நுழைவாயிலிலேயே நிற்கும். சேர்மன், துணைச் சேர்மன், பொதுச் செயலாளர், இணைச் செயலாளர், பல்கலைக்கழக யூனியன் கவுன்சிலர், கலைச் செயலாளர், கல்லூரி ஆண்டு மலரின் ஆசிரியர், விளையாட்டுக்கு ஜெனரல் கேப்டன் என்று பதவிகள். மாணவர் தேர்தலுக்கு வரைமுறை வகுத்த லிங்தோ குழுவின் விதிகளின்படி அரியர் வைத்திருப்பவர் நிற்க முடியாது. வேட்பாளர் செலவுக்கு 5,000 ரூபாய் வரம்பு. நல்ல மாணவர்கள் தேர்தலில் நிற்பதற்கு முதல் விதி ஒரு காரணம்.

முதல் நாளே உறுப்பினர் சீட்டை நீட்டுவார்கள். வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாங்கினால் ஊர்வலத்துக்குக் கூப்பிடுவார்கள் என்பது தெரிந்திருக்கட்டும். ஒரு செமஸ்டர் பார்த்துவிட்டு முடிவு செய்வது என் யோசனை. எல்லாக் கட்சிப் பேச்சையும் உட்கார்ந்து கேளுங்கள், மேடையில் பேசுவது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

சமரம் என்றால் போராட்டம். படிப்பு முடக்கம் அறிவித்தால் கோஷம் போட்டுக்கொண்டு வகுப்பு வகுப்பாக வந்து வெளியே அழைப்பார்கள். ஹர்த்தால், அதாவது முழு அடைப்பு, அதைவிடப் பெரிது, பஸ்ஸே ஓடாது. தமிழ்நாட்டு பஸ்கள் வாளையாறோடு நின்றுவிடும். வெளியூர்ப் பிள்ளைகள் முந்தின ராத்திரியே வகுப்புக் குழுவில் செய்தி பார்த்துவிட்டு அலாரம் வையுங்கள். வருகைப் பதிவு எப்படிக் கணக்காகும் என்று துறையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2024-25-லிருந்து கேரளத்தில் பட்டப்படிப்பு நான்கு வருடத் திட்டம். மூன்று வருடத்தில் பட்டத்தோடு வெளியே வரவும் வழி உண்டு. கிரெடிட் கணக்கு நம் ஊர்க் கல்லூரியில் படிக்கும் நண்பனின் கணக்கோடு ஒத்துப்போகாது, அவனைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

எப்போது என்ன உடுத்துவது

ஓணம் விடுமுறைக்கு முன் கல்லூரியில் ஓணக் கொண்டாட்டம். துறைக்குத் துறை பூக்களப் (பூக்கோலப்) போட்டி, வடம்வலி (கயிறு இழுத்தல்), பாயசம். ஆண்களுக்கு முண்டு, பெண்களுக்கு செட் சேலை, கரை வைத்த கேரளச் சேலை. நம் வீட்டு வெள்ளை வேட்டியும் போதும், கரை மட்டும் வேறாகத் தெரியும். பூவுக்குக் காசு பிரிக்கும்போது தாராளமாகக் கொடுங்கள். அந்தப் பூவில் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தோட்டங்களிலிருந்து வருவதுதான். நவம்பர் 1 கேரளப் பிறவி நாளிலும் அதே உடை.

நவம்பரில் கல்பாத்தித் தேர். விக்டோரியாவுக்கு மிகப் பக்கம். ஆற்றங்கரையில் விசுவநாதர் கோயில், அதைச் சுற்றித் தமிழ் பேசும் அக்ரகாரம். 'காசியில் பாதி கல்பாத்தி' என்பது அங்கே எல்லாரும் சொல்லும் வாக்கு. தேருக்கு முன்னால் சில நாட்கள் கச்சேரி நடக்கும், கட்டணம் இல்லை. வகுப்பு முடித்து நடந்தே போய்விடலாம். கலைப் போட்டிகளில் ஆர்வம் இருந்தால் காலிகட் பல்கலைக்கழகத்தின் ஏ-ஸோன் (ஏ மண்டல) போட்டிகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பாலக்காடு அதில் வரும். ஜெயித்தால் மண்டலங்களுக்கு இடையிலான இண்டர்ஸோன்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மட்டை என்ற சிவப்பரிசிச் சோறு முதல் வாரம் பெரிதாகத் தோன்றும், பழகிவிடும். ஒரே ஒரு இடம் மட்டும்: எலப்புள்ளிப் பக்கம் ராமசேரி. அங்கே இட்லி தட்டையாக, மண் சட்டியில் வெந்து வரும். காஞ்சிபுரத்திலிருந்து வந்த முதலியார் குடும்பங்கள் செய்வது. காலையில் போங்கள்.

கடைசியாக நூலகமும் மலரும்

இதுவரை சொன்னதெல்லாம் வெளியே கேட்டால் கிடைக்கும். கல்லூரிக்கு உள்ளேயே இருக்கும் கதைகளுக்கு நூலகத்தில் பழைய ஆண்டு மலர்களைக் கேளுங்கள். வருடா வருடம் மாணவர் தேர்ந்தெடுத்த மலர் ஆசிரியர் கொண்டுவருவது அது. எந்த மரத்தடியில் என்ன நடந்தது, எந்தச் சமரத்தில் எத்தனை நாள் கல்லூரி மூடிக் கிடந்தது, யார் யாரைக் கிண்டல் செய்து கவிதை எழுதினார்கள் என்று எல்லாம் இருக்கும். சீனியர் சொல்லும் கதையை அங்கே சரிபார்க்கலாம், பாதி பொய்த்துப்போகும். நிற்கிற மீதியை நீங்கள் அடுத்த வருடம் ஜூனியர்களுக்குச் சொல்லலாம்.

தேர்தல் முடிந்து மலர் ஆசிரியர் யார் என்று தெரிந்ததும் அவரைப் போய்ப் பாருங்கள். தமிழ்ப் பக்கம் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால், தட்டச்சுக்கும் பிழை திருத்தத்துக்கும் நாங்கள் பொறுப்பு என்று சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் தயங்குவது அதற்காகத்தான். இரண்டு பக்கம் கிடைத்தாலும் போதும். கவிதை வேண்டாம், கவிதை ஏற்கெனவே குவிந்திருக்கும். உங்கள் ஊரிலிருந்து இந்தக் கல்லூரிக்கு முன்னால் வந்து படித்தவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் காலத்தில் எப்படி இருந்தது என்று கேட்டு எழுதிக் கொடுங்கள். கடைசித் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மலர் வேலை எப்போதும் தேர்வு நேரத்தில்தான் சூடுபிடிக்கும்.